ஊர் ஓய்ந்தால் கச்சேரி

எந்தப் பெரிய நகரத்தின் கலை நிகழ்ச்சிப் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் ஒரு விசித்திரம் கண்ணில் படும். மூன்று வாரத்துக்கு ஒரே நாளில் பத்துப் பதினைந்து நிகழ்ச்சிகள் முட்டி மோதும். எதற்குப் போவது, எதை விடுவது என்று திண்டாட்டம். அப்புறம் இரண்டு மாதம் பேச்சுமூச்சு இருக்காது. கொஞ்சம் பரவலாகப் போட்டால் என்ன, இவர்கள் ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொள்ள மாட்டார்களா என்று ரசிகர்கள் அலுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு. நானும் அலுத்துக்கொண்டவன்தான்.

விழாக்கள் பிறந்த கதைகளைப் படிக்கத் தொடங்கிய பிறகு அந்த அலுப்பு போய்விட்டது. தேதி குறிப்பதில் கலைஞருக்கும் ரசிகருக்கும் உள்ள பங்கு ரொம்பக் கொஞ்சம். மண்டபம் எப்போது சும்மா கிடக்கிறது, வேறெங்கோ சம்பளம் வாங்கும் வித்துவானுக்கு எப்போது ஓய்வு, ஆபீஸ் போகிறவர்களுக்கு எப்போது லீவு என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே பதில் கிடைக்கும் வாரங்களில்தான் ஒரு ஊரில் கலை பொங்கி வழிகிறது. மற்றபடி தட்பவெப்பம், பாரம்பரியம் என்றெல்லாம் சொல்வது பெரும்பாலும் பிறகு வந்து சேர்ந்த விளக்கம்.

லண்டனிலிருந்து தொடங்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே இசைக்கும் விருந்துக்கும் உரிய காலம் ஜூலையோடு முடிந்துவிடும். பணம் படைத்தவர்கள் ஆகஸ்டில் நகரத்தைக் காலி செய்துவிட்டுக் கிராமத்து மாளிகைகளுக்குப் போய்விடுவார்கள். குவீன்ஸ் ஹால் என்ற அருமையான அரங்கின் மேனேஜர் ராபர்ட் நியூமனுக்கு இது பெரிய தலைவலி. வாடகைக்கு ஆள் இல்லாமல் மண்டபம் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. ஆனால் பிரபுக்கள் போனாலும் குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும் ஊரில்தானே இருக்கிறார்கள்? அவர்களுக்குச் சங்கீதம் போட்டால் என்ன? தரையிலிருந்த நாற்காலிகளை எடுத்துவிட்டு, நின்றும் உலாவியும் கேட்கலாம் என்று சொல்லி, சீட்டு விலையைக் குறைத்தார். 1895 ஆகஸ்ட் 10 அன்று முதல் கச்சேரி. இன்று உலகம் முழுக்க ஒலிபரப்பாகும் ‘ப்ராம்ஸ்’ இப்படித்தான் பிறந்தது.

முதல் போட்டது யார் என்பதும் சுவாரஸ்யம். ஜார்ஜ் காத்கார்ட் என்ற தொண்டை மருத்துவர். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். இங்கிலாந்தின் வாத்தியக் குழுக்கள் அப்போது ஐரோப்பாவின் மற்ற நாடுகளைவிடச் சுருதியை உயர்த்தி வைத்திருந்தன. பாடகர்கள் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு தன்னிடம் வருவதற்கு இதுதான் காரணம் என்பது அவர் கட்சி. சுருதியைக் குறைத்தால் பணம், இல்லாவிட்டால் இல்லை. நியூமன் ஒத்துக்கொண்டார். 26 வயது ஹென்றி வுட் நடத்துனராக மேடையேறினார். காலி மண்டபத்தை நிரப்பக் கிளம்பிய காரியம் ஒரு நாட்டின் சுருதியையே இறக்கி வைத்தது! 1941 மே மாதம் ஜெர்மன் குண்டுவீச்சில் குவீன்ஸ் ஹால் அழிந்தது. ப்ராம்ஸ் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்குக் குடிபெயர்ந்தது. இன்றும் கோடையில்தான் நடக்கிறது. நடுவில் நின்று கேட்கும் கூட்டமும் அப்படியே இருக்கிறது.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் விழாவின் கதை இதற்கு மறுபக்கம். அங்கே ஓய்ந்து கிடந்தது மண்டபம் அல்ல, ஆட்கள். தலைநகர் வியன்னாவின் ஆப்பரா என்ற இசைநாடக அரங்கும் மற்ற நாடக அரங்குகளும் கோடையில் மூடியிருக்கும். பாடகர்கள், நடிகர்கள், வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் விடுமுறை. அந்த ஆட்களைக் கூட்டி வந்தால் மலையடிவாரத்துச் சின்ன ஊரில்கூடத் தலைநகரத்துத் தரத்தில் விழா நடத்திவிடலாம். 1920 ஆகஸ்ட் 22 அன்று மாக்ஸ் ராய்ன்ஹார்ட் என்ற நாடக இயக்குநர் அங்கே தேவாலயத்தின் முன்னாலுள்ள சதுக்கத்தில் ஒரு நாடகம் போட்டார். பழைய ஆங்கில அறநெறி நாடகம் ஒன்றின் ஜெர்மன் வடிவம் அது. அரங்கம் கட்டவில்லை; தேவாலயத்தின் முகப்புதான் பின்திரை.

சென்னையில் வித்துவானின் ஓய்வும் ஆபீஸ் போகிறவரின் லீவும் ஒன்றாக வந்து விழுந்தன. டிசம்பர் சீசன் என்றதும் மார்கழிக் குளிர், பாசுரம், கோலம் என்றுதான் யாரும் ஆரம்பிப்பார்கள். சரி, குளிர் உண்மைதான். ஆனால் விதை விழுந்தது அரசியல் மாநாட்டில். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதையொட்டி ஓர் அகில இந்திய சங்கீத மாநாடும் நடந்தது. சங்கீதத்துக்கென்று நிலையான ஓர் அமைப்பு வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அதன் பலனாக 1928 ஆகஸ்ட் 18 அன்று சர் சி.பி. ராமஸ்வாமி ஐயர் மியூசிக் அகாடமியைத் தொடங்கி வைத்தார். காங்கிரஸ் மாநாடுகள் அந்தக் காலத்தில் வழக்கமாக டிசம்பர் கடைசியில்தான் நடக்கும். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நிறைந்த கட்சி அது. கோர்ட்டுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை விட்டால்தான் அவர்களுக்கு ஒழியும்.

இப்போது மார்கழி என்ன செய்தது என்று பார்க்கலாம். அந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது. கல்யாணக் கச்சேரிதான் அன்றைய வித்துவான்களுக்குப் பெரிய வருமானம். முகூர்த்தக் காலத்தில் அவர்களைப் பிடிப்பது கஷ்டம். மார்கழி பிறந்தால் தை பிறக்கும்வரை அந்த வருமானத்துக்கு வழியில்லை, நாளும் காலி. பாடுகிறவருக்கு வேலை இல்லாத மாதமும் கேட்கிறவருக்கு ஆபீஸ் இல்லாத வாரமும் ஒன்றாக வந்தபோது சபா செயலாளர் வேறு எந்த மாதத்தைத் தேடிப் போவார்? 1943-இல் தமிழிசைச் சங்கம் பிறந்தபோது, மேடையில் எந்த மொழி ஒலிக்க வேண்டும் என்பதில் பெரிய சண்டையே நடந்தது. எந்த மாதத்தில் பாட வேண்டும் என்பதில் மட்டும் யாரும் சண்டை போடவில்லை. அவர்கள் இசைவிழாவும் அதே டிசம்பர்தான். பிற்காலத்தில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறியவர்கள் கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊர் வரத் தொடங்கியபோது, பழைய காரணத்தோடு ஒரு புதுக் காரணமும் ஒட்டிக்கொண்டது.

ஒட்டிக்கொள்வது என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். பெரிய கலைவிழாக்களில் பல ஒட்டுக்குடித்தனமாகத் தொடங்கியவை. சென்னைச் சங்கீத மாநாடு காங்கிரஸின் திண்ணையில் தங்கியது போலவே, ஜெர்மனியின் காசல் நகரத்தில் ஓர் ஓவியக் கண்காட்சி பூச்செடிக் கண்காட்சியின் திண்ணையில் தங்கியது. 1955-இல் அங்கே தேசியத் தோட்டக்கலைக் கண்காட்சி நடந்தது. எப்படியும் ஊருக்குக் கூட்டம் வரப்போகிறது. அந்தக் கூட்டத்தை நம்பி, உள்ளூர் ஓவியரும் ஆசிரியருமான ஆர்னல்ட் போடே, போரில் சிதைந்து பாதி பழுதுபார்த்த அருங்காட்சியகக் கட்டடத்தில் நவீன ஓவியங்களை மாட்டினார். நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்று சொல்லித் துரத்தியவர்களின் படைப்புகளும் அதில் இருந்தன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். செடிகளை இன்று எத்தனை பேர் நினைவு வைத்திருப்பார்கள்? ‘டாக்குமென்டா’ என்ற அந்த ஓவியக் கண்காட்சி மட்டும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை, 100 நாள், காசல் நகரத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

பிரான்சின் அவிஞ்ஞோனிலும் அதே கதை. 1947-இல் போப்பரசர் மாளிகையில் ஓவியக் கண்காட்சி ஏற்பாடானது. அதையொட்டி ஒரு நாடகம் போட முடியுமா என்று நாடக இயக்குநர் ழான் விலாரைக் கேட்டார்கள். கேட்டது ஒன்று, மூன்று நாடகங்களோடு வந்து நின்றார் அவர். அடுத்தடுத்த ஆண்டுகளில் குடித்தனக்காரரே வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

இதே 1947-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்ததுதான் இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தது. போர் முடிந்து ஐரோப்பிய நகரங்கள் இடிந்து கிடந்த நேரம். ருடால்ஃப் பிங் என்ற ஆப்பரா நிர்வாகி, அதிகச் சேதமில்லாமல் தப்பித்த ஊரைத் தேடி எடின்பரோவுக்கு வந்து சர்வதேச விழாவைத் தொடங்கினார். நாஜிகளால் வியன்னாவை விட்டு ஓடிய நடத்துனர் புரூனோ வால்டர் தன் பழைய வியன்னா பில்ஹார்மோனிக் குழுவோடு மறுபடி சேர்ந்து வாசித்தது அந்த மேடையில்தான். பெரிய மனிதர்களின் விழா. அழைப்பு இல்லாமல் எட்டு நாடகக் குழுக்கள் வந்துசேர்ந்தன. ஆறு ஸ்காட்லாந்துக் குழுக்கள், இரண்டு இங்கிலாந்துக் குழுக்கள். எப்படியும் ஊரில் கூட்டம் இருக்கிறது, ஏதாவது ஒரு மண்டபம் கிடைக்காமலா போகும் என்று வந்தவர்கள். அவர்களில் ஒரு குழு போட்டது, சால்ஸ்பர்க்கில் ஜெர்மனுக்குப் போன அதே ஆங்கில அறநெறி நாடகம். அடுத்த ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற நாடகாசிரியர் இந்த அழையா விருந்தாளிகளை விழாவின் ‘ஓரம்’ என்ற பொருளில் ‘ஃப்ரின்ஜ்’ என்று எழுத, பெயர் ஒட்டிக்கொண்டது. 1958-இல் அவர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. யாரையும் தேர்வு செய்வதில்லை என்பதே அதன் கொள்கை. மேடை கிடைத்தால் போதும், ஆடலாம். இப்போது ஓர் ஆகஸ்டில் மூவாயிரத்துக்கு மேல் நிகழ்ச்சிகள். நடு விழாவைவிட ஓரம் பல மடங்கு பெரிது.

இந்த வேறுபாடு பட்டியலைப் படிக்கிறவர்களுக்கு முக்கியம். ஒரே வாரத்தில், ஒரே ஊரில், ஒரே மாதிரி அச்சான இரண்டு அறிவிப்புகளில் ஒன்றின் பின்னால் ஒருவர் உட்கார்ந்து கேட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார். மற்றதில் கலைஞரே கைக்காசு போட்டு மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருப்பார். இரண்டாவது மட்டம் என்று சொல்ல வரவில்லை. எடின்பரோவின் ஓரத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் எதற்கு மூன்று மணி நேரம் ஒதுக்குகிறோம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

நேரம் நெருக்கினால் கலையின் உருவமும் மாறும். ஃப்ரின்ஜில் ஒரே மேடையில் காலையிலிருந்து நள்ளிரவு வரை அடுத்தடுத்து நிகழ்ச்சிகள். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கச் சில நிமிடங்கள்தான் இடைவெளி. அதற்குள் கூட்டம் வெளியேற வேண்டும், தரையைப் பெருக்க வேண்டும், பொருள்களை எடுக்க வேண்டும், அடுத்த குழு தன் பொருள்களை வைக்க வேண்டும். அங்கே நாடகம் ஒரு மணி நேரத்துக்குள் முடிவதும், நடிகர் ஒருவரே எல்லாப் பாத்திரமும் ஏற்பதும், மேடைப் பொருள் ஒரு நாற்காலியும் ஒரு பெட்டியுமாக நின்றுவிடுவதும் இந்த நெருக்கடியால்தான். பிறகு விமர்சகர்கள் அதற்கு ‘எளிமையின் அழகியல்’ என்று பெயர் வைப்பார்கள்.

சென்னைச் சபாக்களில் இதை இன்னும் பக்கத்தில் பார்க்கலாம். காலையில் பேசியும் பாடியும் விளக்கும் லெக்-டெம், மதியம் இளையவர்களுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லாத கச்சேரி, பிற்பகலில் கொஞ்சம் பெயர் வாங்கியவர்கள், மாலையில் பெரிய வித்துவான். ஒரே மேடை. நாலு மணி ஸ்லாட்டில் பாடுகிறவர் கல்பனாஸ்வரத்தை முடித்துவிட்டு, மிருதங்கம் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கு விடும்போது, கண் தன்னையறியாமல் எதிர்ச்சுவர்க் கடிகாரத்துக்குப் போகும். பக்கவாட்டில் திரைக்குப் பின்னால் அடுத்த கச்சேரியின் தம்புரா உறையிலிருந்து வெளியே வந்தாகிவிட்டது. மிருதங்கக்காரர் அதைப் பார்க்கிறார், பாடகரைப் பார்க்கிறார், இன்னும் இரண்டு ஆவர்த்தனம் வாசித்திருக்க வேண்டியதைச் சுருக்கி, வாசிப்பை முடிக்கும் மோராவுக்கு வந்துவிடுகிறார். அப்புறம் துக்கடா என்ற ஒரு சின்னப் பாட்டு, மங்களம். பழைய ஐந்து மணி நேரக் கச்சேரி எங்கே போயிற்று என்று ஏங்குகிறவர்கள் அந்தத் திரையோரத்துத் தம்புராவையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

விழா இல்லாத மாதங்களில் தேதி எப்படி விழுகிறது? இங்கே கணக்கு வேறு. பெரிய அரங்குகளின் நாட்காட்டியில் உறுதியான பதிவைவிடப் பென்சில் குறிப்புதான் அதிகம். ஒரு குழுவை அழைத்து வர நினைக்கும் அமைப்பாளர் முதலில் ‘இந்த மூன்று நாளை எனக்கு வைத்திருங்கள்’ என்பார். அதே நாளை இன்னொருவர் கேட்டால் அவருக்கு இரண்டாம் இடம், மூன்றாமவரும் வரலாம். இரண்டாமவர் ‘நான் பணம் கட்டத் தயார்’ என்று சொன்னால், அரங்கம் முதலாமவரைக் கூப்பிட்டு, குறிப்பிட்ட நேரத்துக்குள் உறுதி செய்கிறீர்களா, விடுகிறீர்களா என்று கேட்கும். வெளியே காலியாகத் தெரியும் மாதம் உள்ளே மூன்று அடுக்குப் பென்சிலால் நிரம்பியிருக்கும். கடைசி நேரத்தில் திடீரென்று அறிவிக்கப்படும் நல்ல கச்சேரிகள் பலவும் இப்படி யாரோ விட்டுக்கொடுத்த நாளில் நுழைந்தவை.

சுற்றுப்பயணக் கலைஞர் என்றால் வரைபடமும் சேர்ந்துகொள்ளும். வெள்ளியும் சனியும் கூட்டம் அதிகம் வரும் பெரிய நகரங்களுக்குப் போய்விடும். அவற்றுக்கு நடுவில் லாரியில் ஒலிபெருக்கிகள் போகும் வழியிலுள்ள ஊருக்குச் செவ்வாய்க்கிழமை கிடைக்கும். இவ்வளவு பெரிய பாடகர் எங்கள் ஊருக்கு வார நடுவில் வருகிறாரே என்று வியந்தால், நெடுஞ்சாலையைப் பார்த்தால் போதும். இன்னொரு கட்டும் உண்டு. பெரிய விழாக்கள் தங்கள் முக்கியக் கலைஞரோடு போடும் ஒப்பந்தத்தில், விழாவுக்கு முன்னும் பின்னும் இத்தனை நாள், இத்தனை தொலைவுக்குள் வேறெங்கும் ஏறக்கூடாது என்று எழுதி வாங்கிவிடும். விழா நடக்கும் நகரத்தைச் சுற்றியுள்ள சின்ன அரங்குகள் அந்தப் பருவத்தில் வறண்டு கிடப்பதற்கு இது ஒரு காரணம். பெரிய மரத்தடியில் புல் முளைக்காத கதைதான். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஆனால் சட்டப்படி அதில் கையெழுத்து போடுவது கலைஞரே.

நாட்டியம் ஏன் பட்டியலில் குறைவாக இருக்கிறது என்று சிலர் கேட்பதுண்டு. ரசனைக் குறைவு என்று உடனே சொல்லிவிட வேண்டாம், தரையைப் பாருங்கள். பெரிய நடனக் குழுக்கள் பல, கால் மூட்டு தாங்குவதற்காக நெகிழ்வான மரத்தளத்தையும் அதன்மேல் விரிக்கும் வினைல் சுருளையும் கையோடு கொண்டுவரும். முதல் நாள் முழுவதும் தரை போட்டு, விளக்கு கட்டி, ஒத்திகை பார்த்தால் அடுத்த நாள் மாலை நிகழ்ச்சி. ஒரு மாலைக்கு மண்டபத்தின் இரண்டு நாள் போய்விடுகிறது, வாடகை இரட்டிப்பு. தனியொருவர் பியானோ கச்சேரிக்கு அன்று பகலில் சுருதி சேர்ப்பவர் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகத் திருகிவிட்டுப் போனால் போதும். அமைப்பாளர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

உடம்பும் தேதி குறிக்கும். ஜெர்மனியின் பைரூத்தில் 1876 முதல் நடக்கும், இசையமைப்பாளர் வாக்னரின் நான்கு ஆப்பராத் தொடரை நான்கு நாளில் அடுத்தடுத்துப் போட முடியாது. முதல் இரண்டு அடுத்தடுத்த நாள், பிறகு ஒரு நாள் ஓய்வு, மூன்றாவது, மறுபடி ஓய்வு, நான்காவது என்று ஆறு நாள் ஆகும். முக்கியப் பாத்திரங்களைப் பாடுகிறவர்களின் தொண்டைக்கான இடைவெளி அது. முதன்முறை போகிறவர்கள் அட்டவணையில் வெற்றிடத்தைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைப்பார்கள்.

மண்ணுக்கும் ஓய்வு வேண்டும். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா நடப்பது மாடு மேயும் ஒரு பண்ணையில். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நிலத்தைத் தரிசு போடுவது போல விழாவையே நிறுத்திவிடுவார்கள். 2018-இல் நிறுத்தினார்கள், 2026-உம் தரிசு ஆண்டுதான். 2012-இல் நிறுத்தியதற்கு இன்னொரு காரணமும் சொன்னார்கள். லண்டன் ஒலிம்பிக்ஸ் அந்தக் கோடையில் நாட்டிலுள்ள நடமாடும் கழிப்பறைகளையும் போலீஸ்காரர்களையும் வளைத்துப்போட்டுவிடும் என்பதுதான் அது. ராக் சங்கீதத்துக்கும் கழிப்பறைக்கும் என்ன சம்பந்தம் என்று, லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஐந்து நாள் தங்கும் வயலில் நின்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இவை எதற்கும் கட்டுப்படாத விழாக்களும் உண்டு. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள் அன்றுதான். அது ஆங்கிலத் தேதியில் எங்கே விழுந்தாலும் மற்றவர்கள்தான் ஒதுங்க வேண்டும். ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். முஸ்லிம்கள் அதிகமுள்ள நகரங்களில் கோடை விழா நடத்துகிறவர்கள் சில ஆண்டுகளில் தங்கள் தேதியைத் தள்ளி வைக்க நேர்வது அதனால்தான். பத்தாண்டுப் பட்டியல்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் பிறை நகர்வது தெரியும்.

எடின்பரோவுக்கே திரும்பி வரலாம். மூவாயிரம் நிகழ்ச்சிக்கு அந்தச் சின்ன ஊரில் ஏது இத்தனை அரங்கு? அத்தனை அரங்கு இல்லை. பல்கலைக்கழக மாணவர்கள் கோடை விடுமுறைக்குப் போயிருப்பார்கள். அவர்களுடைய விரிவுரைக் கூடங்கள்தான் ஆகஸ்டில் நாடக மேடை. தேவாலயக் கூடம், மதுக்கடையின் மாடி, நிலவறை எல்லாவற்றிலும் கறுப்புத் துணி கட்டி விளக்குப் போடுவார்கள். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பேரவை மே மாதத்தில் கூடும் மண்டபத்தில் 1948-இலேயே இயக்குநர் டைரோன் கத்ரி, ஊரே பேசிய நாடகம் ஒன்றை மேடையேற்றியிருக்கிறார். அந்தப் பழைய ஸ்காட்டிஷ் நாடகத்தை மேடைக்காகச் செப்பனிட்டுக் கொடுத்தவர், ‘ஃப்ரின்ஜ்’ என்ற பெயரைத் தந்த அதே ராபர்ட் கெம்ப். செப்டம்பர் பிறந்ததும் கறுப்புத் துணியை அவிழ்த்துச் சுருட்டுவார்கள், தற்காலிகப் படிக்கட்டு இருக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றுவார்கள். நேற்று இரவு பன்னிரண்டு மணிக்கு யாரோ ஒருவர் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லி எழுபது பேரைச் சிரிக்கவைத்த அறையின் கதவில், உயிர்வேதியியல் முதலாண்டு வகுப்புக்கான நேர அட்டவணை ஒட்டியிருக்கும்.